டான்வில் முதல் டல்லடேகா வரை

முதல் நாள்: சார்லட், 2025 மார்ச் 27, வியாழன்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிற தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. கோயமுத்தூரில் நாற்பது வருடம் எஞ்சின் ரீபோர் பட்டறை நடத்தியவனுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. "அண்ணா, நாஸ்கார் டீமுகள்ல முக்கால்வாசி இந்த ஊரைச் சுத்தித்தான் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காங்க. ஒரு வாரம் பார்த்துட்டு வாங்க" என்றான் தம்பி. நாஸ்கார் என்பது அமெரிக்காவின் பெரிய கார் பந்தய அமைப்பு. அவன் மகள் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வண்டி ஓட்ட வந்துவிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். இதுவரை ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை. ஏன் அம்மிணி என்று கேட்டேன். "ஸ்கூல்ல அந்தக் கொடி போட்ட டீ‌ஷர்ட்டோட வர்ற பசங்கதான் நாஸ்கார் பேசுவாங்க பெரியப்பா. அது நமக்கான இடமில்லைன்னு தோணிடுச்சு" என்றாள்.

'அந்தக் கொடி' என்று அவள் சொன்னது கான்ஃபெடரேட் கொடி. அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகத் தெற்கு மாநிலங்கள் பிரிந்து போய் 1861 முதல் 1865 வரை போர் நடத்தினவே, அந்தப் படையின் கொடி. சிவப்புத் துணியில் குறுக்காக நீலப் பட்டை, அதில் வெள்ளை நட்சத்திரங்கள். ஸ்டாக் கார் மைதானங்களில் ஐம்பது அறுபது வருடம் அது கோவில் கொடி மாதிரிப் பறந்தது. 2020 ஜூன் 10 அன்று நாஸ்கார் அதைத் தடை செய்தது. அந்தத் தடைக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் திட்டம்.

முதலில் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம், சாதித்தவர்களின் புகழ் மண்டபம். 2010இல் திறந்த பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே பதினெட்டுப் பழைய வண்டிகளை ஒரு சரிவுப் பாதையில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பாதை தட்டையாகத் தொடங்கி, ஏற ஏறப் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே போய், கடைசியில் டல்லடேகா மைதானத்தின் 33 டிகிரி சாய்வுக்கு வந்து நிற்கிறது. அந்தச் சாய்வில் நிற்கிற வண்டியைப் பார்த்தால் சுவரில் பல்லி ஒட்டியிருப்பது போல இருக்கிறது.

நாஸ்கார் பிறந்தது 1947 டிசம்பரில், டேடோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில். ஷோரூமில் விற்கிற வண்டியை அப்படியே கொண்டுவந்து ஓட்டுவதால் ஸ்டாக் கார் என்று பெயர். இன்றைய வண்டிகளில் ஷோரூம் சமாச்சாரம் எதுவும் கிடையாது. இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் கேம்ரி, மஸ்டாங், கமாரோ என்று சட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெண்டல் ஸ்காட்டின் பெயரும் இந்த மண்டபத்தில் இருக்கிறது. 2015இல் சேர்த்தார்கள். இங்கே இடம் பெற்ற முதல் கறுப்பின ஓட்டுநர். அவர் இறந்தது 1990இல். இந்த வாரம் முழுக்க அவரைத்தான் தேடப் போகிறேன்.

வெளியே வந்ததும் தெருப் பெயரைப் பார்த்தேன்: மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் சாலை. அடுத்த தெருவில் ஒரு செங்கல் தேவாலயம் தனியாக நிற்கிறது. இந்தப் பக்கம் முன்பு ப்ரூக்ளின் என்று கறுப்பின மக்களின் பேட்டை இருந்தது. 1960களில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தப் பேட்டையில் மிச்சமிருக்கிற இரண்டு மூன்று கட்டடங்களில் இந்தத் தேவாலயம் ஒன்று. மண்டபத்துக்கு வருகிற கூட்டத்தில் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்களையும் தம்பி முன்கூட்டியே சொல்லி அனுப்பியதால்தான் பார்த்தோம்.

இரண்டாம் நாள்: வில்க்ஸ்பரோ, வெள்ளி

மலையடிவாரம். இந்த விளையாட்டு கள்ளச்சாராயத்தில் பிறந்தது என்பார்கள். இந்த வில்க்ஸ் மாவட்டம்தான் அதற்குத் தலைநகரம். ராத்திரியில் சாராயம் ஏற்றிக்கொண்டு போலீசுக்குத் தண்ணி காட்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமை யார் வண்டி வேகம் என்று மண் தடத்தில் பார்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஃபோர்டு. சரக்கு ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்க ஸ்பிரிங்கை மட்டும் கனமாகப் போட்டிருப்பார்கள். அதனால் சரக்கு இல்லாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். விவரம் தெரிந்த போலீஸ்காரர் அதைப் பார்த்தே பிடித்துவிடுவாராம்.

ஜூனியர் ஜான்சன் இந்த மலைக்காரர். 1956இல் அப்பாவின் சாராய அடுப்புப் பக்கத்தில் பிடிபட்டு, 11 மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடி ஓட்டினார். வாழ்நாளில் மொத்தம் 50 பந்தயம் ஜெயித்தார். 1986இல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார். வெண்டல் ஸ்காட்டும் சாராயம் கடத்தியவர்தான், அவரும் பிடிபட்டவர்தான், அவரும் இரண்டு கையையும் எஞ்சினுக்குள் விட்டு வளர்ந்தவர்தான். ஜான்சனின் திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே ரோட்டில் வந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கம்பெனி வண்டி கிடைத்தது. இன்னொருவருக்கு அடுத்தவர் ஓட்டித் தள்ளிய வண்டிதான் கிடைத்தது.

1996இல் பெரிய பந்தயம் நின்றுபோய் 2023இல் திரும்ப வந்த நார்த் வில்க்ஸ்பரோ மைதானத்தை வெளியே இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பினோம். வழியில் ஒரு வீட்டு முற்றத்தில் அந்தக் கொடி. வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அம்மிணி ஒன்றும் பேசவில்லை, ஆக்சிலேட்டரை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள்.

மூன்றாம் நாள்: டான்வில், சனி

வர்ஜீனியா எல்லையைத் தாண்டியதும் டான்வில். டான் நதிக்கரையில் மில் ஊர். டான் ரிவர் மில்ஸ் என்று ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட துணி ஆலை 2006இல் மூடிவிட்டது. இப்போது ஆலை இருந்த ஒரு இடத்தில் சூதாட்ட விடுதி. கோயமுத்தூர்க்காரனுக்கு மூடிய மில்லைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. சங்கு ஊதாத காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஊருக்கு இன்னொரு பெயர், கான்ஃபெடரேட் அரசின் கடைசித் தலைநகரம். 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் விழுந்ததும் அவர்களின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ் ஒரு வாரம் தங்கியிருந்த சதர்லின் மாளிகை இன்றும் இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். அது பிற்பாடு நூலகமாக இருந்திருக்கிறது, வெள்ளையருக்கு மட்டும். 1960இல் கறுப்பின மாணவர்கள் உள்ளே போய்ப் படிக்க வேண்டும் என்று நின்றார்கள். நகராட்சி நூலகத்தையே மூடிவிட்டது. நீதிமன்றம், வழக்கு என்றெல்லாம் ஆகி மறுபடி திறந்தபோது எல்லோரும் வரலாம் என்றார்கள். ஆனால் உள்ளே நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரையும் நிற்க வைத்தார்கள்.

அந்த நாற்காலி விஷயம் என்னை விடவே இல்லை. அந்தக் கூடங்களில் நின்று ஜன்னலோரம் எத்தனை நாற்காலி போட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே முன்பு பறந்த கொடியை 2015இல் நகராட்சி இறக்கியது.

ஸ்காட் 1921இல் இதே ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் ராணுவ மெக்கானிக். திரும்பி வந்து டாக்சி ஓட்டினார், பட்டறை வைத்தார், சாராயமும் ஏற்றினார். 1952இல் டான்வில் மைதானத்துக்காரர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பரை இறக்கினால் வேடிக்கை பார்க்க ஜனம் வரும் என்று யோசித்து, வேகமாக ஓட்டுகிற கறுப்பர் யார் என்று போலீசிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். தாங்கள் பலமுறை துரத்திய ஆள் பெயரைப் போலீஸ் சொன்னது. அந்த வேடிக்கைக்குக் கூப்பிட்ட ஆள் அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் வண்டி ஓட்டினார். நாஸ்காரின் முதல் வரிசைப் பந்தயங்களில் மட்டும் 495.

அவர் வாழ்ந்த தெருவுக்கு இப்போது வெண்டல் ஸ்காட் டிரைவ் என்று பெயர். 2013இல் மாநில அரசு நினைவுப் பலகை வைத்தது. சாதாரணத் தெரு. ஒரு நாய் குரைத்தது. ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குக் கை காட்டினார். எனக்கு அங்கே நிற்கும்போது அவருடைய வேலை கண் முன்னால் வந்தது. மற்ற டீம் தூக்கிப் போடுகிற டயரை வாங்கி ஓட்டியவர். எஞ்சினைத் தானே கட்டி, லாரியில் ஏற்றி, மகன்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஓட்டிப் போய், போன இடத்தில் ஹோட்டலில் ரூம் தரமாட்டார்கள் என்பதால் வண்டியிலேயே படுத்து, காலையில் பந்தயத்தில் இறங்கியவர். 147 முறை முதல் பத்துக்குள் வந்திருக்கிறார். தேய்ந்த பிஸ்டனுக்கு ரிங் போட்டு ஓட்டுவது என்ன வேலை என்று தெரிந்தவன் சொல்கிறேன்: பழைய சாமானை வைத்துக்கொண்டு நூற்று நாற்பத்தேழு முறை முதல் பத்துக்குள் வருவது, நல்ல வண்டியில் ஐம்பது முறை ஜெயிப்பதைவிடக் கஷ்டம்.

அப்புறம் அந்த ஜாக்சன்வில் விஷயம். 1963 டிசம்பர் 1, ஃபுளோரிடா, அரை மைல் மண் தடம், 200 சுற்று. கடைசி இருபத்தைந்து சுற்று இருக்கும்போது நட்சத்திர ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டிப் போனார் ஸ்காட். 200 சுற்றை முடித்தார். பந்தயம் முடிந்தது என்று காட்டுகிற கட்டம் போட்ட கொடி விழவில்லை. இன்னும் இரண்டு சுற்று ஓடினார். அப்போதுதான் கொடி விழுந்தது, பக் பேக்கர் என்கிற வெள்ளைக்கார ஓட்டுநருக்கு. பேக்கர் மேடை ஏறினார், கோப்பை வாங்கினார். அந்தக் காலத்தில் சுற்றுகளை ஆள் வைத்து அட்டையில் எழுதித்தான் எண்ணுவார்கள், அதில் தப்பு வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மணிக்கணக்கில் சரி பார்த்து, ஜனமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, நீதான் ஜெயித்தாய் என்று ஸ்காட்டிடம் பணத்தைக் கொடுத்தார்கள். கோப்பையைக் காணோம். ஜெயித்தவருக்கு மேடையில் ஒரு வெள்ளைக்கார அழகி முத்தம் கொடுப்பது வழக்கம். ஆயிரக்கணக்கான வெள்ளையர் முன்னால் அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம் என்று ஸ்காட் குடும்பம் கடைசிவரை சொல்லியது. எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை. இரண்டு சுற்று அதிகமாக ஓடிய வண்டி எண்ணுகிறவர் கண்ணில் படாதா?

2021 ஆகஸ்டில் டேடோனாவில் நாஸ்கார் ஒரு கோப்பை செய்து அவர் குடும்பத்திடம் கொடுத்தது. ஐம்பத்தேழு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

நான்காம் நாள்: மார்ட்டின்ஸ்வில், ஞாயிறு, பந்தய நாள்

டான்விலிலிருந்து முக்கால் மணி நேரம். அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகமான குட்டித் தடம், பேப்பர் கிளிப் மாதிரி வடிவம். நாஸ்காரைவிட இந்த மைதானத்துக்கு வயது அதிகம். ஜெயித்தவருக்குக் கோப்பைக்குப் பதில் ஆளுயரக் கடிகாரம் கொடுப்பார்கள். இங்கே வந்தால் சிவந்த ஹாட் டாக் சாப்பிடாமல் போகக் கூடாது என்று விதி. மெழுகுத் தாளில் சுற்றித் தருகிறார்கள், உள்ளே வெங்காயம், கோஸ், கறிக் குழம்பு எல்லாம் சேர்ந்து வழிகிறது. நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு இந்த மைதானத்தில் வேறொரு சொந்தமும் உண்டு. 2010 மார்ச்சில் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் முதன்முதலாக ஓட்டியது இங்கேதான். அந்த வருடம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பிரிவில் அதிக அபிமானம் பெற்ற ஓட்டுநர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் என் ஓட்டும் உண்டு. அம்மிணிக்கு இது தெரியாது. போனில் தேடிப் பார்த்துவிட்டு "நம்ம ஊர்க்காரரா பெரியப்பா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இன்னொன்றும் இங்கேதான். 2020 மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிலாய்டைப் போலீஸ் கொன்ற பிறகு நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. நாஸ்காரின் மேல்மட்டத்தில் முழுநேரமாக ஓட்டிய ஒரே கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ். அலபாமாவில் பிறந்தவர், அப்போது வயது 26. மைதானங்களில் அந்தக் கொடி இருக்கக் கூடாது என்று டி.வி.யில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டே நாளில், மார்ட்டின்ஸ்வில் பந்தயம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால், தடை அறிவிப்பு வந்தது. அன்று ராத்திரி இந்தத் தடத்தில் வாலஸ் கறுப்பு நிற வண்டி ஓட்டினார். பானட்டில் கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் கோத்திருக்கிற படம். கொரோனா காலம், பார்க்க ஆளில்லை. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றபோதும் நாஸ்கார் கொடியைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை. கேட்டுக்கொள்வதற்கும் கூடாது என்று சொல்வதற்கும் ஐந்து வருட தூரம்.

இன்று காலரி நிரம்பியிருந்தது. பெரும்பாலும் வெள்ளையர்தான். ஆனால் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பங்கள் இருந்தன. வாலஸின் 23 நம்பர் சட்டை போட்ட கறுப்பின அப்பா அம்மா பிள்ளைகள் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொடி என்று பார்த்தால் அமெரிக்கக் கொடியும் ஓட்டுநர் நம்பர் போட்ட கொடிகளும்தான். ஓட்டுநர்களை அறிமுகப்படுத்தும்போது வாலஸ் பெயர் வந்ததும் எங்களுக்குப் பின்னால் சிலர் ஊளையிட்டார்கள். முன்வரிசைக் குடும்பம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மிணியும் எழுந்து நின்றாள்.

என் பக்கத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர். இந்த ஊர் ஃபர்னிச்சர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். என் காதில் பஞ்சு இல்லாததைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து புதிய காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். வண்டிகள் கிளம்பியதும்தான் அதன் அருமை தெரிந்தது. காதால் கேட்கிற சத்தமில்லை அது. விலா எலும்பில் அடிக்கிறது. சுற்றுக்குச் சுற்று ரப்பர்த் துணுக்குகள் பறந்து வந்து என் சட்டை மடிப்பில் கறுப்பு மிளகு மாதிரி விழுந்தன. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது.

மஞ்சள் கொடி விழுந்து வண்டிகள் மெதுவாகப் போகும்போது அவரிடம் கொடியைப் பற்றிக் கேட்டேன். கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் கேம்ப் வண்டியின் மேல் அந்தக் கொடி இருந்ததாம். தடை வந்த வருடம் எரிச்சலாக இருந்தது, எனக்கு யார் சொல்வது என்று நினைத்தேன் என்றார். பிறகு முன்வரிசைக் குடும்பத்தைக் காட்டி, "இவர்கள் அப்போது இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள், இல்லையா" என்று மெதுவாகச் சொன்னார். பச்சைக் கொடி விழுந்தது, பேச்சு நின்றது.

டெனி ஹாம்லின் ஜெயித்து, பத்து வருடம் கழித்து மறுபடி ஒரு கடிகாரம் வாங்கினார். வாலஸ் மூன்றாவது. வாலஸ் ஓட்டுகிற 23எக்ஸ்ஐ டீமின் முதலாளிகள் ஹாம்லினும் கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டனும்தான். ஹாம்லின் வேறு டீமுக்கு ஓட்டிக்கொண்டு, தன்னிடம் சம்பளம் வாங்குகிறவரோடு தடத்தில் போட்டி போடுகிறார்.

திரும்பும் வழியில் எனக்கும் அம்மிணிக்கும் கைல் லார்சன் என்கிற ஓட்டுநரைப் பற்றி வாக்குவாதம். அவர் அம்மா ஜப்பானிய வம்சாவளி. சிறுபான்மை இனத்தவருக்கும் பெண்களுக்கும் வாய்ப்புத் தர 2004இல் நாஸ்கார் தொடங்கிய டிரைவ் ஃபார் டைவர்சிட்டி பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர், வாலஸைப் போலவே. 2020 ஏப்ரலில் கம்ப்யூட்டர் பந்தயம் ஒன்றில் கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்துகிற அந்தச் சொல்லை மைக்கில் சொல்லிவிட்டார். வேலை போனது. அடுத்த வருடம் வேறு டீமில் திரும்பி வந்து சாம்பியனும் ஆனார். இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பார்களா என்பது அம்மிணியின் கேள்வி. வேலையை உடனே பறித்தார்களே, அது இருபது வருடம் முன்னால் நடந்திருக்காதே என்பது என் பக்கம். "ஸ்காட்டுக்கு அம்பத்தேழு வருஷம், இவருக்கு ஒரு வருஷமா பெரியப்பா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

வீடு. துணி துவைத்தோம். காதில் இன்னும் இரைச்சல்.

ஆறாம் நாள்: ஆனிஸ்டன், செவ்வாய்

அட்லாண்டா வழியாக அலபாமா. எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. டல்லடேகா போவதற்கு முன் ஆனிஸ்டனில் நிற்க வேண்டும் என்று அம்மிணி சொன்னாள்.

1961 மே 14. பேருந்துகளில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரலாம் என்ற தீர்ப்பு நடைமுறைக்கு வருகிறதா என்று சோதிக்கக் கிளம்பிய சுதந்திரப் பயணிகளின் கிரேஹவுண்ட் பஸ் இந்த ஊர் நிலையத்துக்கு வந்தது. கும்பல் டயரைக் கிழித்தது. பஸ் தட்டுத் தடுமாறி ஊருக்கு வெளியே சில மைல் போய் நின்றது. ஜன்னல் வழியாக நெருப்பை எறிந்து, உள்ளே ஆளிருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். புல்தரையில் விழுந்து மூச்சுக்குத் தவித்தவர்களுக்குப் பக்கத்துக் கடைக்காரரின் 12 வயது மகள், வெள்ளைக்காரச் சிறுமி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 2017இல் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். பழைய பஸ் நிலையத்துச் சந்துச் சுவரில் பஸ் படம் வரைந்திருக்கிறார்கள். பஸ் எரிந்த இடத்தில் சாலையோரப் புல்வெளிதான். வண்டிகள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தன.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எட்டு வருடம் கழித்து டல்லடேகா மைதானத்தைக் கட்டினார்கள். பில் பிரான்சுக்கு உதவியவர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பரும் வெள்ளையரும் என்றென்றும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று பதவியேற்பு மேடையிலேயே முழங்கிய அலபாமா ஆளுநர். 1972இல் வாலஸ் ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது பிரான்ஸ் ஃபுளோரிடாவில் அவருக்காக வேலை செய்தார். பப்பா வாலஸுக்கு அந்தக் குடும்பப் பெயர் இருப்பது வெறும் தற்செயல். அப்படியிருந்தும் இந்த ஊரில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும் என்று நினைக்கிறேன்.

ஏழாம் நாள்: டல்லடேகா, புதன்

பழைய ராணுவ விமானத் தளத்தில் கட்டிய மைதானம். நான் சின்ன வயதில் அப்பாவோடு ரயிலேறிப் போய்ப் பார்த்த சோழவரமும் யுத்த கால விமான ஓடுதளம்தான். பந்தயம் இல்லாத நாளில் வேனில் ஏற்றித் தடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு சுற்று 2.66 மைல். வேன் கீழ் விளிம்பில் போகும்போது ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தால் தார்ச் சுவர் வானம் வரை போகிறது. அந்தச் சாய்வில் டயர் தேய்த்த கறுப்புக் கோடுகளை என் கண்ணால் எண்ண முடியவில்லை.

வேனில் எங்களோடு ஒரு கறுப்பினப் பெரியவரும் அவர் பேரனும். பையனுக்கு எட்டு வயது இருக்கும்.

1973 மே மாதம் இந்தத் தடத்தில் நடந்த பெரிய மோதலில் ஸ்காட்டின் வண்டியும் மாட்டியது. கடன் வாங்கி வாங்கிய வண்டி அது, வாழ்க்கையில் முதன்முறையாகக் கொஞ்சம் நல்ல வண்டி. இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் நொறுங்கின. தேறி வந்து அந்த வருடம் சார்லட்டில் ஒரே ஒரு பந்தயம் ஓட்டினார், பன்னிரண்டாவதாக வந்தார். அத்தோடு சரி.

2020 ஜூன் 21 அன்று இங்கே வாலஸின் கராஜில் தூக்குச் சுருக்கு போல முடிந்த கயிறு ஒன்று தொங்கியது. கறுப்பினத்தவரைக் கும்பல்கள் தூக்கிலிட்டுக் கொன்ற காலத்தை நினைவுபடுத்துகிற மிரட்டல் அடையாளம் அது. வெளியே சாலையில் அந்தக் கொடி கட்டிய வண்டிகள் ஊர்வலம் போயின. வானத்தில் ஒரு சின்ன விமானம் அதே கொடியை இழுத்துக்கொண்டு பறந்தது. மறுநாள் பந்தயத்துக்கு முன்னால், அத்தனை ஓட்டுநர்களும் அத்தனை மெக்கானிக்குகளும் சேர்ந்து வாலஸ் அப்போது ஓட்டிய 43ஆம் நம்பர் வண்டியைக் கையால் தள்ளி வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாற்பது டீம் ஆட்களும் ஒரு வண்டியைத் தள்ளுவதை நான் பட்டறை டி.வி.யில் பார்த்தேன். பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றுவிட்டார்கள்.

அடுத்த நாள் எஃப்.பி.ஐ. விசாரித்துச் சொன்னது: அது கராஜ் கதவை இழுக்கிற கயிறு, 2019 அக்டோபரிலிருந்தே அப்படித்தான் முடிந்திருந்தது, யாரும் வாலஸைக் குறி வைக்கவில்லை. அவ்வளவுதான், இது நாடகம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஜனாதிபதி டிரம்பே வாலஸ் மன்னிப்புக் கேட்டாரா என்று ட்வீட் போட்டார். வாலஸ் அந்தக் கயிற்றைப் பார்க்கவே இல்லை. அவர் டீமில் ஒருவர் பார்த்துச் சொல்ல, அவரிடம் வந்து சொன்னது நாஸ்கார் தலைவர். நாஸ்கார் 29 மைதானங்களில் 1,684 கராஜ்களைச் சோதித்தது. 11இல் முடிச்சுப் போட்ட கயிறு இருந்தது. தூக்குச் சுருக்கு முடிச்சு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை யார் எதற்கு அப்படி முடிந்தார்கள் என்பது வெளியே வரவில்லை. குறி வைக்கவில்லை என்று கேட்டபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்காத கயிற்றுக்காக ஒரு மனிதனைப் பொய்யன் என்று இத்தனை வருடம் ஊளையிடுகிறார்களே, அதை நான் ஞாயிற்றுக்கிழமை என் காதால் கேட்டேன்.

2021 அக்டோபர் 4. மழையால் ஒரு நாள் தள்ளிப் போன பந்தயம். 117ஆம் சுற்றில் வாலஸ் முன்னால் இருக்கும்போது மறுபடி மழை. வண்டிகளை நிறுத்திக் காத்திருந்தார்கள். மழை விடவில்லை. அவர்தான் வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். நாஸ்காரின் முதல் வரிசைப் பந்தயத்தில் 1963க்குப் பிறகு முதல்முறையாக ஜெயித்த கறுப்பின ஓட்டுநர்.

வேன் வெற்றி மேடை அருகே நின்றது. இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஓட்டுநர். எல்லோரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வேனுக்குத் திரும்பினார்கள். பெரியவர் பேரனை மேடையில் நிறுத்திவிட்டு, தன் போனை என்னிடம் கொடுத்து, எடுக்க முடியுமா சார் என்றார். நீங்களும் போய் நில்லுங்கள் என்றேன். படியில் கைப்பிடி இல்லை. அம்மிணி கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.

பையனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் பேன்ட் பையில் விட்டான், பிறகு கட்டிக்கொண்டான். தாத்தா குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான், ஏதோ பெரிய பொருளைப் பிடித்திருப்பதுபோல. எடுத்தேன். பையன் ஓடி வந்து போனைப் பார்த்துவிட்டு, தாத்தா கண்ணை மூடிவிட்டார், இன்னொன்று எடுங்கள் என்றான். திரும்ப ஓடிப் போய் அதே இடத்தில் நின்றான்.